வாழ்நாள் பட்டியலுக்கு சீ.ஆர். கொப்பி: எல்லாம் நல்லம், ஜனவரிதான் வில்லங்கம்

“பட்டியலைப் போனில வைக்கிறதா, கொப்பியில எழுதுறதா மச்சான்?” என்று, வாழ்நாளுக்குள் செய்து முடிக்க ஆசைப்படுகிறவற்றின் பட்டியலைப் பற்றிக் கேட்ட கூட்டாளிக்கான பதில் இது. நெடுநாள் பாவனையில் இருப்பது தடித்த மட்டை போட்ட 120 பக்க சீ.ஆர். கொப்பி. அது எப்படி இருக்கும் என்று திருகோணமலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடன் கணக்கு எழுதுகிற கடைகளில் எல்லாம் மேசைமேல் கிடக்கும்.

போன் செயலியின் பெரிய குறை, அது சதவீதம் காட்டுவது. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டு வந்தாலும் ஒரு ‘சரி’, சிங்களம் சரளமாகப் பேசப் பழகினாலும் ஒரு ‘சரி’. லேசானதெல்லாம் முதலில் முடியும், பட்டியல் பாதி தாண்டிவிட்டது என்று திரை சொல்லும். கஷ்டமானவை அப்படியே கிடக்கும்.

கொப்பியில் ஒரு இலக்குக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு. இடப்பக்கம் செலவு, தேவையான பத்திரங்கள், எந்த மாதத்தில் சாத்தியம் என்பவை, பேனையால். வலப்பக்கம் அடுத்த வேலை ஒன்று மட்டும், திகதியோடு, பென்சிலால். முடிந்ததும் கோடு கீறிவிட்டு அதற்கடுத்ததை எழுத வேண்டும். “நீந்தப் பழகுதல்” என்று எழுதினால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். “சனி காலை உப்புவெளி, இடுப்பளவு தண்ணீர், மூச்சுப் பிடித்து மிதத்தல், நீந்தத் தெரிந்த ஒருவரோடு” என்று எழுதினால் நடக்கும். ஒரே நேரத்தில் மூன்று இலக்குக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. நாலாவது வந்தால் நாலும் படுத்துவிடும்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு எரிச்சலுக்கு வருவோம். ஊர் முழுக்கப் பட்டியல் தொடங்குவது ஜனவரி முதலாம் திகதி. கொப்பி, டயறி எல்லாம் அப்போதுதான் கடைவாசலில் அடுக்கிக் கிடக்கும். ஆனால் திருகோணமலைக்காரரின் பட்டியலில் பாதி கடல். ஜனவரியில் வாடைக்காற்று. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு எடுக்கிறதே பாடு. போய் இறங்கினாலும் தண்ணீர் கலங்கல், முருகைக்கல் கண்ணுக்குத் தெரியாது. நீலத்திமிங்கிலம் பார்க்கிற பருவத்துக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கும். எழுதிய சூட்டில் ஒன்றையும் தொட முடியாது. மே மாதம் கடல் கண்ணாடி மாதிரி ஆகும்போது கொப்பி அலுமாரிக்கு மேலே. இது கொப்பியின் குற்றமில்லை என்று நியாயம் பேசலாம்தான், ஆனால் வருடா வருடம் எரிச்சல் வருகிறதே!

ஒரே வழி, பட்டியலை இரண்டாக வெட்டுவது. கடல் சார்ந்ததெல்லாம் சித்திரைப் புத்தாண்டில் தொடங்கட்டும். செப்டெம்பருக்குள் முடியாவிட்டால் அடுத்த சித்திரை. தரை சார்ந்தது மழைக்காலத்தோடு. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் போயா வரை. கடல் மூடிக்கிடக்கிற மாதங்களுக்கு நல்ல பொருத்தம். கதிர்காமப் பாதயாத்திரைதான் ஏமாற்றும். உகந்தை தாண்டி குமண, யால வழியான காட்டுப்பாதை உற்சவத்தை ஒட்டிச் சில நாட்களுக்குத்தான் திறக்கும், திகதியும் வருடத்துக்கு வருடம் மாறும். ஆகவே சித்திரையிலேயே வலப்பக்கத்தில் “கொடியேற்றத் திகதி விசாரி” என்று இருக்க வேண்டும். நடைப் பயிற்சியும் அன்றைக்கே தொடங்க வேண்டும். கொடியேறிய பிறகு செருப்புத் தேடினால் அடுத்த வருடம்தான்.

காசுக்குச் சீட்டைப் பருவத்தோடு பொருத்தலாம். பத்துப் பேர், மாதம் 5000 ரூபா என்றால் 50,000. ஏலச்சீட்டில் முந்தி எடுத்தால் கழிவு போகும், கடைசிச் சீட்டுக்குக் கழிவில்லை. ஜூலையில் தொடங்குகிற சீட்டில் கடைசி ஆளாக நின்றால் ஏப்ரலில் முழுக்காசும் கைக்கு வரும், கடலும் திறக்கும். தெரிந்த, நம்பிக்கையான ஆள் பிடிக்கிற சீட்டு என்றால் மட்டும். இல்லையேல் வங்கிச் சேமிப்பே போதும்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடித்துப் பக்கத்தில் மண்ணிற வட்டம் விழும். றப்பர் பாண்ட் வெக்கையில் உருகி மட்டையோடு ஒட்டும். ரசீதுகளை வைக்கக் கடைசி மட்டையின் உள்பக்கம் ஒரு கடித உறை ஒட்டினால் போதும். ஜெல் பேனை வேண்டாம், ஈரக்கை பட்டால் பரவும்.

புள்ளி? ஐந்துக்கு இரண்டு. மேலே எழுதின புகழ்ச்சிக்கு இது பொருந்தாதுதான். ஆனால் இதை எழுதுகிற நேரம் வெளியே வாடை அடிக்கிறது, கடல் பக்கங்கள் ஒன்றும் அசையவில்லை. ஆடியில் கேட்டால் நாலு கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் 80 பக்கமே வாங்குங்கள். இலக்குக்கு இரண்டு பக்கமாக இருபது இலக்கு எழுதினாலும் பாதிக் கொப்பி மிஞ்சும், அதில் செலவுக் கணக்கு எழுதலாம்.