பங்குனியில் பொருத்திய வயர்லெஸ் பிரிட்ஜ்: மூன்றாண்டு அனுபவம்

தென்காசிக்கு அருகே எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கும், 1.8 கிலோமீட்டர் தள்ளி வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் அரிசி ஆலைக்கும் இடையே கம்பியில்லாமல் நெட்வொர்க் இணைப்பைக் கடத்தும் வயர்லெஸ் பிரிட்ஜாக ஒரு ஜோடி 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ரேடியோக்களைப் பொருத்தி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சென்ற ஐப்பசி மின்னலில் ஆலைப் பக்கக் கருவியில் நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட் கருகிவிட, அதை மாற்றி முடித்த கையோடு, சங்கரன்கோவில் நண்பர் ஒருவர் தம் இரு கிடங்குகளுக்கும் இதையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். கருவியின் விவரங்கள் பெட்டியின் மேலேயே இருக்கின்றன. பெட்டியில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

பொருத்தியது பங்குனி மாதம். ஆலைக் கூரையில் நின்று பார்த்தால் எங்கள் வீட்டு மாடியின் நீலத் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிந்தது. இருபுறமும் ஆளுக்கொருவராக நின்று, கைப்பேசியில் எண்களைச் சொல்லிக்கொண்டே கருவியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சிக்னல் வலிமை மைனஸ் 58 டிபிஎம் (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) வந்ததும் நட்டை இறுக்கினோம். 80 மெகாபிட் வேகம் கிடைத்தது; எடைமேடை பில்லும் நான்கு கேமராக்களும் வீட்டிலிருந்தபடியே கைக்கு வந்தன. இந்த அலைவரிசையின் பெரும்பகுதிக்கு 2018-இல் மத்திய அரசு உரிம விலக்கு அளித்துவிட்டதால் அனுமதிக்காக அலையவும் வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று மாதங்களில் நான் இதைப் புகழாத உறவினர் இல்லை.

ஆனிச் சாரல் தொடங்கியதும் சிக்னல் மைனஸ் 74-க்கு இறங்கியது. 16 டெசிபல்தானே என்று தோன்றலாம். வந்து சேரும் ஆற்றல் நாற்பதில் ஒரு பங்காகிவிட்டது என்பதே அதன் பொருள். மழைதான் காரணம் என்றார் பொருத்திக் கொடுத்தவர். இவ்வளவு குறைந்த தொலைவில், இந்த அலைவரிசையில், மழைத்துளியால் ஆகும் இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல என்று படித்துத் தெரிந்துகொள்வதற்குள், கருவியைக் கழற்றிக் கடைக்கு அனுப்பி, பழுதொன்றும் இல்லை என்ற பதிலைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். பிறகு ஒரு நாள் சாரல் விட்டிருந்த நேரத்தில் கூரையில் ஏறிப் பார்த்தபோது நீலத் தொட்டியைக் காணவில்லை. ஆலையிலிருந்து 300 மீட்டரில், பக்கத்து வயல் வரப்பில், பங்குனியில் வெறும் கழிகளாக நின்ற இரண்டு தேக்கு மரங்கள் முறம் முறமாக இலை விட்டு, ஒவ்வோர் இலையிலும் தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தன.

கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இரு கருவிகளையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவில், அலை பரவிச் செல்லும் ஃப்ரெனெல் மண்டலம் என்று ஒன்று இருக்கிறது; அதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருந்தாக வேண்டும். எங்கள் மரங்கள் நிற்கும் இடத்தில் அதன் ஆரம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். ஆக, இலையில்லாத பங்குனியிலும் நாங்கள் கிளைகளுக்கு ஊடாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வயல்காரப் பெரியவரிடம் உச்சியை மட்டுமாவது கழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “மரம் இருவது வருசமா நிக்கிது தம்பி, ஒம்ம டப்பா வந்து நாலு மாசம்தான ஆவுது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தடை எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அந்த முனையை உயர்த்துவதில்தான் பலன் அதிகம் என்பதால், ஆலையில் கருவியைத் தாங்கும் ஜிஐ பைப்பைப் பத்தடி உயர்த்தினேன். மரத்தருகே கோடு எட்டடிக்கு மேல் உயர்ந்தது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் அந்தப் பைப்பைத் திருகிவிடாமலிருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. சாரலிலும் மைனஸ் 63 வந்தது. ஆனால் தேக்கும் வளர்கிறதே! இந்த ஆடியில் மைனஸ் 69.

நியாயமாகச் சொன்னால் கருவியின் மீது குற்றமில்லை. மூன்று கோடை வெயிலிலும் அதன் உறை வெளிறியதே தவிர வெடிக்கவில்லை. மின்னலில் போர்ட் போனதும் நான் எர்த் கம்பி இழுக்காத வினைதான். ஆயினும், “15 கிலோமீட்டர் வரை” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டவர்கள் பெட்டியின் ஏதாவது ஒரு மூலையில் “இலை” என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம் என்ற எரிச்சல் மட்டும் எனக்கு இன்றும் தணியவில்லை. ஆகவே ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். விலை இறங்கியிருப்பதால் உதிரியாக இன்னொரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

நண்பரின் கிடங்குகளுக்கு நடுவே நிற்பது புளியமரமாம். அது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் மரம். எந்த மாதத்தில் சோதித்தாலும் அது ஏமாற்றாது.