கரையோரக் கடலுக்குச் சாட்சி யார்: தண்ணீரா, மட்டியா, அடிமீனா?

அட்டன் பக்கம் ஒரு நல்ல மழை போதும், தேயிலை மலை மண் செக்கச்செவேலென்று ஓயாவில், அதாவது சிற்றாற்றில், இறங்கிவிடும். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை, அது கொழும்பின் வடக்கோரம் மட்டக்குளியில் கடலில் விழுகிறது. நாங்கள் மலையில் அடிக்கிற மருந்தில் மண்ணோடு ஒட்டுவது கொஞ்சம் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடும். மிச்சமும், வழியில் கொழும்பு சேர்ப்பதும் கரையை அடைந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

போத்தலில் தண்ணீர் அள்ளிச் சோதிப்பது மலிவு, அவ்வளவுதான். அள்ளிய நேரத்துக் கதையை மட்டும் சொல்லும். டிடிடி பூச்சிமருந்து, பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி மாதிரி தண்ணீரில் கரையாமல் சேற்றோடு ஒட்டுகிறவை அதில் சிக்குவதும் அரிது.

மட்டி பரவாயில்லை. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டும், எண்ணெய்க் கழிவின் ரசாயனங்களை உடைத்துத் தள்ளும் திறனும் குறைவு, அதனால் எடுத்ததில் பெரும்பகுதி கொஞ்ச காலம் சதையிலேயே நிற்கும். அமெரிக்காவில் 1986 முதல் மட்டி, சிப்பியை வைத்தே கரையோரத்தைக் கண்காணிக்கிறார்கள். இந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்றால் மட்டிதான் சரி.

ஆனால் அது உயிருக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் நான் அடிமீன் பக்கம்தான், அதாவது சேற்றில் படுத்துக் கிடக்கும் தட்டை மீன் பக்கம். சேற்றோடே உராய்ந்து, சேற்றுப் புழுவையே தின்று வாழ்வதால் அதன் பாதிப்பு ஈரலில் தெரியும். வாஷிங்டன் மாநிலத்தின் ஈகிள் துறைமுகத்தில் மரத்துக்குப் பூசும் கிரியோசோட் கழிவு சேற்றில் ஊறி, அங்கிருந்த தட்டை மீன்களின் ஈரலில் புண்ணும் கட்டியும் வந்தன. 1993, 94இல் அந்தச் சேற்றின் மேல் சுத்தமான மண்ணைக் கொட்டி மூடிய பிறகு அந்த நோய் நன்றாகக் குறைந்தது. இப்படிப்பட்ட பதிலை மட்டி தராது.

குறை இல்லாமல் இல்லை. மீன் நகரும், பருவத்துக்கு இடம் மாறும், வயதான மீனில் கட்டி கூடுதலாக இருக்கும், அதனால் வயது பார்க்காமல் ஒப்பிட்டால் வீண். எண்ணெய்க் கழிவை மீன் சீக்கிரம் உடைத்துவிடுவதால் சதையில் தேடிப் பயனில்லை, பித்தத்தில்தான் தேட வேண்டும். செலவும் கூட.

மட்டக்குளியில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் தட்டை மீனையே எடுப்பேன், ஈரலோடு. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் மீன் வெட்டும்போது முதலில் பூனைக்குப் போவதும் அந்த ஈரல்தான்.