தாளா, கூண்டா, கொல்லையா, மணலா? டெல்டா வீட்டில் குட்டி நாய்க்கு ஒண்ணுக்குப் பழக்கம்

45 நாள் குட்டியை வாங்கி வந்த முதல் இரவே இந்தக் கேள்வி வந்துவிடும். கூடத்தில் தாளை விரித்துப் பழக்கலாமா, கூண்டில் விடலாமா, முதல் நாளிலிருந்தே கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாமா? தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் முற்றமோ பின்தாழ்வாரமோ உள்ள வீடுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. மூலையில் செங்கல் அடுக்கி மணல் கொட்டிவிடுவது. டெல்டா வீட்டுக்கு மணலில் தொடங்கிக் கொல்லையில் முடிப்பதே சரி என்பது எங்கள் தீர்மானம்.

ஏழெட்டு வார வயதில் குட்டி எந்தத் தரையில் திரும்பத் திரும்ப ஒண்ணுக்குப் போகிறதோ அந்தத் தரை அதற்குப் பிடித்துப்போகும். இடத்தை மாற்றினாலும் காலுக்கடியில் அதே தொடுகையைத்தான் தேடும். நான்கு வழிகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

எந்த வழியானாலும் நேரக் கணக்கு ஒன்றுதான். வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் குட்டி அடக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம் வரும். இரண்டு மாதக் குட்டிக்கு 3 மணி, அதுவும் தூங்கும்போது. விழித்து விளையாடும்போது முக்கால் மணிக்கு ஒரு முறை கொண்டுபோக வேண்டும். தூங்கி எழுந்த உடனே ஒரு முறை, சாப்பிட்டபின் 5 முதல் 20 நிமிடத்துக்குள் ஒரு முறை. வயிற்றில் சோறு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கிவிடும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் பெரும்பாலும் தப்பாது. பால்சோறு போடும் வீடுகளில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் நேரம் காலம் இல்லாமல் கழியும். பாலை நிறுத்துங்கள், இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாள்

செலவில்லை, மழையில் நனைய வேண்டாம், ராத்திரி கதவு திறக்க வேண்டாம். ஆறேழு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நனைந்த மேல்தாள்களை மட்டும் எடுத்துவிட்டு, வாடை பட்ட ஒரு தாளை அடியில் விட்டுவைத்தால் குட்டி நாலைந்து நாளில் அங்கே வரத் தொடங்கும்.

கேடு பிறகுதான் தெரியும். தரையில் விரித்த தட்டையான எதுவும் அதற்குக் கழிப்பிடமாகிவிடும்: கோரைப்பாய், வாசல் மிதியடி, தாத்தா படித்துவிட்டுக் கீழே வைத்த பேப்பர், நெல் காயப்போட விரித்த படுதா. அறுவடை நாளில் கூடத்தில் சாக்கு கிடக்கும் வீட்டில் தாள் பழக்கம் வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் உறிஞ்சு விரிப்புக்கும் இதே குறை உண்டு. கூடவே குட்டி அதைக் கடித்துக் கிழித்து உள்ளே இருப்பதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடியில், பால்கனியும் இல்லாத வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது சரிப்படும்.

கூண்டும் சங்கிலியும்

படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்குப் பிடிக்காது. கூண்டு வேலை செய்வது இதனால்தான். குட்டி நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவு போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போல வளரும் இனத்துக்குப் பெரிய கூண்டு வாங்கி நடுவில் பலகை தடுப்பு வைப்பது லாபம். ராத்திரிக்கும், ஒரு மணி நேரம் வெளியே போய்வரவும் சரி. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ் இரும்புக் கூண்டு வைப்பது உயிருக்கே ஆபத்து. கடைக் கூண்டில் தன் அசிங்கத்திலேயே வளர்ந்த குட்டிக்கு அந்தக் கூச்சம் போயிருக்கும். அதற்குக் கூண்டு உதவாது.

திண்ணைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டுவது பழக்கும் முறையே அல்ல. கட்டிய இடத்திலேயே போய், அதிலேயே படுக்க மட்டும் கற்றுக்கொள்ளும்.

கொல்லை

போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். நேராக இதிலேயே தொடங்கினால் பழக்கம் சீக்கிரம் படியும், மாற்றிப் பழக்கும் வேலை இல்லை. முதல் இரண்டு வாரம் குட்டியைத் தூக்கிக்கொண்டே போங்கள். நடக்கவிட்டால் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவிலேயே உட்கார்ந்துவிடும். தினமும் ஒரே இடம், ஒரே சொல். பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த இரண்டு வினாடிக்குள், அங்கேயே, பொட்டுக்கடலை அளவு அவித்த முட்டை. வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்தது என்றுதான் அதற்குப் படும். முடித்ததும் உடனே உள்ளே தூக்கி வராதீர்கள். போனால் விளையாட்டு முடிந்துவிடும் என்று தெரிந்த குட்டி அடக்கிக்கொண்டு நிற்கும்.

டெல்டாவில் கொல்லைக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் குட்டி காலை வைக்காது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். ஈர மண்ணில் கொக்கிப்புழு. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் வந்து உயிரையே பறிக்கும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம், ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறாவது வாரம் வரை தடுப்பூசி போட்டு முடிக்கும்வரை, தெருநாய் நுழையும் கொல்லையிலும், கடந்த ஒரு வருடத்தில் வேறு நாய் பார்வோவில் செத்த கொல்லையிலும் குட்டியை இறக்கக் கூடாது. வேலி அடைத்த, தண்ணீர் நிற்காத சொந்தக் கொல்லை என்றால் முதல் நாளே தொடங்கலாம். எலிக்காய்ச்சல் ஊசியும் சேர்ந்த தடுப்பூசியா என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். தஞ்சாவூர் மாவட்டக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ராத்திரியில் வைக்கோல் போர், விறகு அடுக்கு, எருக்குழி பக்கம் வேண்டாம். கட்டுவிரியன் நடமாடுவது ராத்திரியில்தான். செருப்பும் டார்ச்சும் இல்லாமல் இறங்கவே கூடாது.

மணல்

தடுப்பூசி முடியாத மாதங்களையும் அடைமழையையும் தாண்ட இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை. முற்றத்தின் தாழ்வார ஓரத்தில், சாரல் படாத மூலையில், உட்புறம் 2 அடிக்கு 3 அடி வருமாறு ஒரு வரிசை செங்கல். உள்ளே 2 அங்குல உயரத்துக்கு ஆற்றுமணல்; கணக்குப்படி ஒரு கன அடி. எம்-சாண்டில் நுண்தூள் இருப்பதால் ஈரத்தில் பாதத்தில் அப்பும். உமி பறக்கும், காலோடு வீடெல்லாம் வரும். சாம்பலும் அப்படியே. சின்னக் குட்டி ஏறுவதற்கு முன்பக்கம் ஒரு செங்கலை எடுத்துவிட்டு அங்கே மணலைச் சரிவாக விடுங்கள்.

மலத்தை அவ்வப்போதே கரண்டியால் எடுக்க வேண்டும். புழு முட்டைகள் தொற்றும் நிலைக்கு வரச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். உடனே எடுத்தால் அதற்கு இடமே இல்லை. நனைந்த மணலை நாளுக்கு ஒரு முறை அள்ளிப் புது மணல் போடுங்கள். பூனை வரும் வீடானால் ராத்திரி மேலே பலகை தேவைப்படும். குழந்தைகள் அதில் விளையாடவே கூடாது.

தாளைவிட இதில் வேலை அதிகம்தான். ஆனால் மணலுக்குப் பழகிய கால் மண்ணை எளிதில் ஏற்றுக்கொள்ளும். பாய்க்கும் சாக்குக்கும் ஆபத்து இல்லை.

தப்பு நடந்தால்

மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் வேண்டாம். ஆள் பார்க்கும்போது போனால் அடி விழும் என்று மட்டும் தெரிந்துகொண்டு, குதிருக்குப் பின்னால் போய்விட்டு வரும். கொல்லையில் நீங்கள் பக்கத்தில் நின்றாலும் போகாது.

பழைய சிமெண்டுத் தரையும் காவித் தரையும் மூத்திரத்தை உறிஞ்சும். துணியால் ஒற்றி, இரண்டு முறை தண்ணீர் விட்டு, என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றி கால் மணி நேரம் விடுங்கள். வினிகர் இந்தத் தரையை அரிக்கும். ஃபினாயில் நம் மூக்குக்குத்தான் வாடையை மறைக்கும். கருப்பு ஃபினாயில் குட்டிக்கு விஷம். மூத்திரத்தின் மேல் நேராக பிளீச்சிங் பவுடர் போட்டால் நச்சு வாயு எழும். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ ரத்தம் தெரிந்தாலோ அது பழக்கக் கோளாறு இல்லை, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மணலிலிருந்து கொல்லைக்கு

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். தினமும் அள்ளும் ஈர மணலைக் கொல்லையில் நீங்கள் தேர்ந்த இடத்தில் கொட்டுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் முறையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரம் முற்றத்திலேயே போகட்டும். ஒரு வாரம் தப்பாமல் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரங்களையும் கொல்லைக்கு மாற்றி, செங்கல் கட்டைப் பாதியாகக் குறுக்குங்கள். மிச்ச மணலை அள்ளிய அன்று மூலையை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, அங்கேயே சோற்றுத் தட்டை வையுங்கள். சாப்பிடும் இடத்தில் குட்டி பொதுவாக ஒண்ணுக்குப் போகாது.