சஸ்பென்ஸ், பேய், கண்ணீர்: சமீபத்துல படிச்ச தமிழ் நாவல்களுக்கு என் மார்க்கு

கொஞ்ச நாளா சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ்லேர்ந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரைக்கும் எம்ஆர்டி ரயில்ல நாவல்தான் ஓடுது, பாதி லைப்ரரி புக்கு, மீதி கிண்டிலும் ஆப்ல வர்ற தொடர்கதையும். கதை பேரும் எழுதினவங்க பேரும் போடல, ஏன்னா கீழ முடிவையெல்லாம் போட்டு உடைக்கப் போறேன், அப்புறம் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

சஸ்பென்ஸ்ல முதல் எபி, அதாவது முதல் எபிசோடு, எல்லாருமே செமையா எழுதறாங்க. பொணம், மழை, போலீஸ் ஜீப்பு, எல்லாம் ரெண்டு பக்கத்துல வந்துடுது. அதுக்கப்புறம்தான் தடுமாற்றம். ஒரு கதையில ஆரம்பத்துலேர்ந்து ஹீரோயின் மனசுக்குள்ளயேதான் போறோம், அவ பயப்படறது, தூக்கம் வராம ஃபேனையே வெறிச்சுப் பாத்துட்டு படுத்திருக்கறது, எல்லாம் நமக்குத் தெரியுது, கடைசில பாத்தா கொன்னதே அவதானாம். ஏங்க, அத்தனை எபி அவ மண்டைக்குள்ளதானே உக்காந்திருந்தோம், ஒரு தடவை கூடவா அவளுக்கு அது ஞாபகம் வரல? இதுக்குப் பேரு ட்விஸ்ட்டா, போங்காட்டம். ராஜேஷ்குமார் 1500 நாவலுக்கு மேல எழுதினவரு, அவர் கதைங்கள்ல சம்பந்தமே இல்லாத ரெண்டு டிராக் தனித்தனியா ஓடிக் கடைசில ஒண்ணு சேரும், இந்தப் பக்கம் இருக்கறவனுக்கு அந்தப் பக்கம் நடக்கறதே தெரியாது, அதனால மறைச்சாலும் நியாயமா மறைச்ச மாதிரி இருக்கும். இப்ப எழுதறவங்க அவரோட வேகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு அந்த நியாயத்தை விட்டுட்டாங்க. சஸ்பென்ஸுக்கு அஞ்சுக்கு ரெண்டு.

பேய்க்கதை பரவால்ல, ஒண்ணு ரெண்டு நிஜமாவே தூக்கத்தைக் கெடுத்துச்சு. ஒண்ணுல காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு, புதுசா வந்த மருமக பாக்கறா, மாமியார் தினம் ராத்திரி பின்கட்டுல ஒரு தட்டுல சோறு வெச்சுட்டுக் கதவைச் சாத்தறாங்க, காலைல அந்தத் தட்டு கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. அவ்வளவுதான், அலறல் இல்ல, வெள்ளைப் புடவை இல்ல, யாரும் அதைப் பத்திப் பேசறதும் இல்ல. ஒரு நாள் மாமியாருக்குக் காய்ச்சல், சோறு வெக்க மறந்துடறாங்க, மறுநாள் காலைல அடுப்படில இருக்கற அத்தனை தட்டும் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு பாருங்க, அந்த இடத்துல நான் போனைக் கவுத்துட்டேன். இந்த ரகத்துல பெரிய கை இந்திரா சௌந்தர்ராஜன், 2024 நவம்பர்ல காலமாயிட்டாரு, சாமியா மனுஷ வேலையான்னு கடைசி வரைக்கும் நம்மள ஊசலாட விடறதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். ஆனா இந்தக் காரைக்குடிக் கதையை எழுதினவங்களுக்கு அந்தப் பொறுமை இல்ல, பாதிக்கு மேல ஒரு நீள பிளாஷ்பேக்கைப் போட்டு யாரு செத்தா எப்ப செத்தான்னு ரேஷன் கார்டு வரைக்கும் எடுத்துக் காட்டிட்டாங்க. போச்சு, பயமெல்லாம் போச்சு. அப்பவும் நாலு.

இன்னொரு ஆதங்கம், இங்க இங்கிலீஷ்ல ‘ட்ரூ சிங்கப்பூர் கோஸ்ட் ஸ்டோரீஸ்’ 1989லேர்ந்து சக்கைப்போடு போடுது, சீனங்க பேய் மாசம்னு சொல்ற ஏழாவது மாசம் வந்தா அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ செத்தவங்களுக்குன்னு காகிதம் எரியுது, பழைய சாங்கி ஆஸ்பத்திரி கதை தெரியாத பிள்ளை கிடையாது, ஆனா என் கையில சிக்குற தமிழ்ப் பேய்க்கதை எல்லாமே இன்னும் பொள்ளாச்சி பங்களாலயும் கொல்லிமலையிலயும்தான் நடக்குது. யாராவது ஒரு பொந்தியானாக்கையாவது, அதான் அந்த மலாய்ப் பெண் பேயையாவது, தமிழ் பேச வைங்கப்பா.

எமோஷனல் வகையறால பாதிக்குப் பாதி ஆன்டி ஹீரோ கதை, கட்டாயத் தாலி, அறைஞ்சுட்டு அப்புறம் அழறது, மன்னிச்சுட்டா சுபம். இதைக் காதல்னு எழுதறவங்களைக் கூட விட்டுடலாம், கீழ வந்து ஹார்ட் போடறவங்களை என்ன பண்றது. ஆனா அதுக்கு நடுவுலதான் இந்த சீசன்ல படிச்சதுலயே நல்ல நாவலும் கிடைச்சுது, அம்மாவை மாசத்துக்கு ஒரு வீடுன்னு முறை வெச்சுப் பாத்துக்கற ரெண்டு மகன்களோட கதை. அந்தம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் மாத்திரை டப்பாவோட தன் டம்ளரையும் பையில எடுத்துட்டுப் போவாங்க, ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க, கடைசில சின்ன மருமக மட்டும் அந்த டம்ளரைக் கழுவி தன் வீட்டு டம்ளர்களோட சேத்து அடுக்கி வெச்சுடுவா. இதுக்கு வசனமே கிடையாது. பிஷான்கிட்ட வந்தப்ப எனக்கு மூக்கு ஒழுகி, பக்கத்து சீட்டு சீன ஆன்ட்டி டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினாங்க, பாவம், எனக்கு வேலை போயிடுச்சுன்னு நெனச்சிருப்பாங்க. அஞ்சுக்கு அஞ்சு.

படிக்கற வழியைப் பத்தி ஒரு வார்த்தை. லைப்ரரில 21 நாள் தர்றாங்க, இந்த மாதிரி நாவலுக்கு அது தாராளம். கிண்டில்ல தமிழ் 2016லயே வந்தாச்சு, எழுத்தைப் பெருசு பண்ணிக்கலாம், நின்னுட்டே படிக்கறவங்களுக்கு அதுதான் வசதி. ஆப்ல மட்டும் உஷார், ஒரு ஆப்ல தினம் யூடி, அதாவது புது அப்டேட், வருதேன்னு காத்திருந்து கடைசி எபிக்குக் காசு கட்டித் திறந்தா ‘பாகம் ரெண்டு விரைவில்’னு ஒரே வரி. முடிஞ்ச கதையான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.