வெள்ளை சிமெண்டா, பிரைமரா? வெளிச்சுவருக்கு எந்த அடிப்பூச்சு

வெளிச்சுவருக்கு முதல் கோட்டாக வெள்ளை சிமெண்டைக் கரைத்து அடித்துவிடுவது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். விலை குறைவு, சிமெண்ட் பூச்சின் சாம்பல் நிறத்தையும் நன்றாக மறைக்கும். அதற்குப் போட்டி, வெளிப்புறச் சுவருக்கென்றே வரும் அக்ரிலிக் பிரைமர். இரண்டில் எது என்பதைச் சுவரைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால், மேலே இருப்பது சுண்ணாம்போ, மாவாகிப்போன வெள்ளை சிமெண்டோ, நைந்துபோன பழைய பெயிண்டோதான். அதன்மேல் இரண்டுமே நிற்காது. சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, கெட்டியான பரப்பு வரும்வரை எடுக்க வேண்டும். சுண்ணாம்பு என்றால் பூச்சு தெரியும்வரை. காண்டிராக்ட் பேசும்போதே சுரண்டும் கூலி சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தகராறு வருவது இதில்தான். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதோடு ஆசிட் எதையும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

வெள்ளை சிமெண்டின் சங்கதி இதுதான்: அது தண்ணீர் குடித்து இறுகுகிற பொருள். காய்வது வேறு, இறுகுவது வேறு. மேற்குச் சுவரில் மதிய வெயிலில் அடித்தால் அந்த மெல்லிய கோட் சில நிமிடங்களில் வெளுத்துக் காய்ந்துவிடும், இறுகியிருக்காது. சுவரை முதலில் நனைக்க வேண்டும், கரைத்ததை ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மறுநாளிலிருந்து இரண்டு நாளாவது வேளைக்கு ஒரு முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். சாரத்தில் ஏறி இதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர்? தண்ணீர் காட்டாத கோட் மாவாகவே நிற்கும், மேலே அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் அந்த மாவோடு உரிந்து வரும். உரிந்த பொருக்கைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளை மாவு என்றால் அடிப்பூச்சு தோற்றது. மணலும் சாம்பல் நிறமுமாக இருந்தால் பூச்சே பலவீனம்.

அக்ரிலிக் பிரைமருக்கு இந்தத் தண்ணீர் வேலை கிடையாது. பூச்சின் துளைகளில் இறங்கி ஒட்டிக்கொள்ளும். புதுப் பூச்சின் சிமெண்டில் உள்ள காரத்தை (ஆல்கலி) எமல்ஷன் வரை வரவிடாமல் தடுப்பதும் இதுதான். வெள்ளை சிமெண்டே காரம் என்பதால் அந்தக் காவல் அதில் கிடைக்காது. காரம் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால், அடர்ந்த நிறம் அடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எப்படியானாலும் புதுப் பூச்சை 28 நாள் விட்டுவிட்டுத்தான் பெயிண்டைத் தொட வேண்டும். பிரைமர் கெடுவது பெரும்பாலும் வாளியில்தான். டின்னில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் பிசின் நீர்த்துப்போய், வெள்ளைத் தண்ணீர் அடித்த கதையாகிவிடும்.

பழைய எமல்ஷன் கெட்டியாக இருக்கும் சுவரில் வெள்ளை சிமெண்ட் வீண், ஊறிப் பிடிக்க அங்கே வழியில்லை. உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி, பூச்சு வெளியே தெரிகிற இடங்களுக்கு மட்டும் பிரைமர் போதும். முதல்முறை பெயிண்ட் காணும் சொரசொரப்பான பூச்சு, தண்ணீர் காட்ட ஆளும் உண்டு என்றால் வெள்ளை சிமெண்ட் தாராளமாக அடிக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் பிரைமர்தான்.

சுவர் முழுக்கப் பட்டி பார்ப்பது வெளியே தேவையில்லை. குழிகளுக்கு மட்டும், அதுவும் சிமெண்ட் பட்டி. உள்சுவர் அக்ரிலிக் பட்டி மழையில் ஊறி எழும்பிவிடும். மயிரிழை விரிசலுக்குக் கிராக் ஃபில்லர் போதும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்திருந்தால் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, தூசி தட்டி, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பழக்கம் சுண்ணாம்புக்குச் சரியாக இருந்தது. சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். எமல்ஷனில் அவ்வளவு எளிதாக வெளியேறாது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவரில் மார்கழியில் அடித்தால் கொப்புளம்தான். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். வெயில் பிறந்து பல நாளாகியும் அதே இடம் காயவில்லையா, கைப்பிடிச்சுவரின் மேல்மட்டத்திலும் சன்ஷேடு ஓரத்திலும் விரிசலைத் தேடுங்கள்.