இலங்கைக்கு எப்போது போகலாம்: டிசம்பரா, ஆடி ஆவணியா?

இலங்கைக்குப் போக நல்ல மாதம் எது என்று தேடினால், பெரும்பாலும் "டிசம்பர் முதல் மார்ச் வரை" என்றே பதில் வரும். பொய்யில்லை. ஆனால் அது குளிருக்குப் பயந்து வெயில் தேடி வரும் ஐரோப்பியர்களுக்கான பதில். அவர்கள் கொழும்பில் இறங்கி நேராகக் காலி, மிரிஸ்ஸ என்று தெற்குக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். கடலூர், புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்கள் கையில் இருக்கும் பட்டியல் வேறு. யாழ்ப்பாணத்து நல்லூர், நயினாதீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, நாள் இருந்தால் கண்டி, நுவரெலியா. இந்தப் பட்டியலுக்கு டிசம்பர் ஒத்து வராது. நாங்கள் குடும்பத்தோடு ஆடிக் கடைசியில் போய் ஆவணி பிறந்த பிறகு திரும்பினோம். இன்னொரு முறை போனாலும் அதே நாட்களைத்தான் எடுப்பேன்.

இலங்கை சின்னத் தீவுதான். ஆனால் நடுவில் 2,500 மீட்டர் வரை உயர்ந்த மலை நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று அந்த மலையில் மோதி, கொழும்பு, காலி, இரத்தினபுரி பக்கமெல்லாம் மழையாகக் கொட்டிவிடும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் இருக்காது. அதனால் அந்த மாதங்களில் திருகோணமலையும் மட்டக்களப்பும் காய்ந்து கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு காற்று திரும்பும், கதையும் திரும்பும். வடக்கும் கிழக்கும் நனையும், தென்மேற்கு வெளுக்கும். ஆகவே எந்த மாதம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கரை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பரில் மட்டும் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் மழைதான். அந்த இரண்டு மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடுகிற ஒரு விஷயம் இதில் இருக்கிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பெய்வது நமக்குப் பெய்யும் அதே வடகிழக்குப் பருவமழை. அதே காற்று, அதே வங்கக் கடல், பல நேரம் அதே புயல். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரைக்கு வருவதற்கு முன் அது இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டித்தான் மேலே ஏறியது. அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் வெள்ளக்காடு. அடுத்த சில நாட்களில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, தென்பெண்ணை பெருகிக் கடலூரின் ஆற்றங்கரைத் தெருக்களுக்குள் தண்ணீர். அதற்கு அடுத்த ஆண்டு அதே நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. நம் வீட்டு வாசலில் மணல் மூட்டை அடுக்க வேண்டிய மாதத்தில் கிழக்குக் கரையில் அறை போடுவது சரியான திட்டமில்லை.

கடலூர் துறைமுகத்தில் எனக்குப் பழக்கமான மீனவப் பெரியவர் ஒருவரிடம் டிசம்பர் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். "வாடை எடுத்துட்டா நம்ம கடலும் யாழ்ப்பாணக் கடலும் ஒண்ணுதான் தம்பி. தை கழியட்டும்" என்றார். எந்த வானிலைப் பக்கமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கப்பலில் போக நினைக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல் விட ஆரம்பித்தது 2023 அக்டோபர் 14ஆம் தேதி. மழைக்காலம் நெருங்கியதால் சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு 2024 ஆகஸ்ட் 16 முதல் திரும்ப ஓடியது. வாடைக்காலத்தில் இந்தச் சேவை நிற்கும் என்பதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு இதைவிட வசதியான வழி வேறில்லை. சென்னை விமான நிலையத்துக்குப் போகிற நேரத்தில் சிதம்பரம், சீர்காழி வழியாக நாகையைப் பிடித்துவிடலாம். அங்கிருந்து நான்கு மணி நேரக் கடல் பயணம். டிசம்பர் என்று முடிவு செய்தால் இந்த வழியை மறந்துவிட்டு விமானத்துக்குத்தான் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

சரி, டிசம்பர், ஜனவரியில் போனால் நல்லது எதுவுமே இல்லையா? இருக்கிறது. தெற்குக் கரை அப்போதுதான் அழகாக இருக்கும், மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகு விடுவார்கள், சிவனொளிபாதமலைக்கு ஏறும் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவும் உண்டு. தெற்குக் கரையில் அந்த மாதங்களில் நான் இருந்ததில்லை. போய் வந்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகை எக்கச்சக்கம் என்பது.

பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் வரை என்றால் அது உண்மையிலேயே பலமான போட்டி. வடக்கிலும் கிழக்கிலும் மழை ஓய்ந்திருக்கும், தெற்கில் இன்னும் ஆரம்பித்திருக்காது, மலையிலும் வானம் தெளிவு. ஒரே பயணத்தில் தீவைச் சுற்றி வந்துவிட வேண்டும், சிவனொளிபாதமலையும் ஏற வேண்டும் என்கிறவர்கள் யோசிக்காமல் இந்த மாதங்களை எடுக்கலாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் எங்களுக்கு முடியாது. ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கும் புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏப்ரல், மே. பள்ளி விடுமுறை என்பதற்காக எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான். ஆனால் கத்திரி வெயிலுக்குத் தப்பி யாழ்ப்பாணம் போனால் அங்கேயும் அதே வெயில். நுவரெலியா குளிரும், உண்மைதான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இலங்கை மக்களே அங்கேதான் திரள்வார்கள், தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மே கடைசியில் தென்மேற்கு மழை இறங்கிவிடும். 2017 மே மாதம் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் பெரும் வெள்ளம் வந்தது அப்படித்தான்.

இனி ஆடி ஆவணி. எங்கள் தேர்வுக்கு முதல் காரணம் நல்லூர்க் கந்தன். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும் திருவிழா. சிதம்பரத்துத் தேரும் திருவந்திபுரத்துக் கூட்டமும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் திருவிழா புதிதில்லை. ஆனால் நல்லூரின் ஒழுங்கு புதிது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வண்டிகளுக்கு அடைத்து மணல் பரப்பிவிடுகிறார்கள். விடிகாலையில் அந்த மணல் ஈரமாக இருக்கும். வேட்டியை இறுக்கிக் கட்டிய இளைஞர்கள் அங்கப்பிரதட்சணம் செய்து உருண்டு போக, பின்னால் பெண்கள் அடியழித்து, அதாவது அடிக்கு அடி விழுந்து கும்பிட்டுக்கொண்டே வருகிறார்கள். உருண்ட தடம் அடுத்த ஆள் வருவதற்குள் கலைந்து, மறுபடி பதிகிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூசை இத்தனை மணிக்கு என்றால் அத்தனை மணிக்குத் திரை விலகுகிறது. இதை வேறு எந்த மாதத்தில் போனாலும் பார்க்க முடியாது. கோயிலுக்குப் பக்கத்தில் ரியோ ஐஸ்கிரீம் கடையில் பிள்ளைகள் கூட்டம் இரவு வரை குறைவதில்லை. ஆடி கடைசி, ஆவணி என்பது பனம்பழக் காலமும்கூட. வீடுகளில் பனங்காய்ப் பணியாரம் சுடும் வாசனையை நான் கடலூரில் பார்த்ததில்லை.

இரண்டாவது காரணம் திருகோணமலைக் கடல். வாடையில் கலங்கிப் புரளும் அதே கடல் ஆடியில் குளம் போலக் கிடக்கிறது. நிலாவெளியில் மார்பளவு தண்ணீரில் நின்றால் கால் விரலுக்கு அருகே மணல் அசைவது தெரிகிறது. அங்கிருந்து படகில் சிறிது நேரம் போனால் புறாத்தீவு. பவளப்பாறைகளுக்கு மேலே முகமூடி போட்டு மிதந்தால் கிளிமீன்கள் பாறையைக் கொறிப்பதைப் பார்க்கலாம், கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் ஓரமாக வந்து போகும். நீச்சல் தெரியாத என் மனைவி உயிர்காப்பு ஜாக்கெட்டோடு இறங்கி, ஏறச் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் படகை எதிர்பார்க்க முடியாது. தேவனாம்பட்டினத்தில் நாம் கரையிலேயே நின்று அலையைப் பார்த்துப் பழகியவர்கள். வங்கக் கடலுக்குள் பிள்ளைகளைத் தைரியமாக இறக்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். கோணேசர் கோயில் பாறை உச்சியிலிருந்து கீழே பார்த்தாலும் தண்ணீர் அடிவரை தெளிவு.

திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் மின்னேரியா தேசியப் பூங்கா. கோடையில் குளம் வற்ற வற்ற, வெளியே வரும் தரையில் பசும்புல் முளைக்கும். அதை மேய நாலாபுறக் காடுகளிலிருந்தும் யானைகள் இறங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் இந்தக் கூட்டம். மொரகஹகந்த அணையிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு சில ஆண்டுகளில் குளம் சரியாக வற்றுவதில்லை என்பதால் முன்போல் எல்லா ஆண்டும் ஒரேயளவு கூட்டம் சேர்வதில்லை. நாங்கள் பார்த்தது நிறைவாக இருந்தது. உத்தரவாதம் தர மாட்டேன்.

குறைகளும் உண்டு. மலையின் மேற்குச் சரிவில், அதாவது ஹற்றன், நுவரெலியாப் பக்கம், ஆடியில் தூறலும் மூட்டமும் விடாது. தேயிலைத் தோட்டமே மூட்டத்தில் மறைந்துபோனதும் உண்டு. பண்டாரவளை, எல்ல பக்கம் கிழக்குச் சரிவு என்பதால் அங்கே அந்தத் தொல்லை குறைவு. குளிர்ச்சியும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்றால் அங்கே தங்கலாம். தெற்குக் கடலில் அலை பலம், குளிக்க நினைக்காதீர்கள். காலிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க மட்டும் போகலாம். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் படகுத்துறையில் படகேறுகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். சோழகம் எனப்படும் தென்மேற்குக் காற்று மதியத்துக்கு மேல் பலப்படும், வயிற்றைப் புரட்டும். அதோடு நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடா, லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். கொடியேற்றத் தேதி தெரிந்த அன்றே அறை பிடித்துவிடுங்கள். தேர் நாளை ஒட்டிய நாட்களை எங்களால் பிடிக்க முடியவில்லை, தொடக்க நாட்களோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. அதே ஆடி ஆவணியில்தான் எசல பெரஹெரா என்ற கண்டி பௌத்த ஊர்வலத் திருவிழாவும் வரும். அந்தப் பத்து நாளில் கண்டியில் தங்குவது செலவு, அதைப் பார்ப்பதற்காகவே போகாதவர்கள் தேதியைத் தள்ளி வைப்பது நல்லது.

பள்ளி விடுமுறை இல்லையே என்பதுதான் எல்லோரும் கேட்பது. சுதந்திர தினத்தோடு வார இறுதியும் ஒட்டி வரும் ஆண்டாக இருந்தால் சில நாள் லீவு எழுதிக் கொடுத்துச் சமாளிக்கலாம். அது முடியாதவர்களுக்குச் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை இருக்கிறது. நல்லூர்த் திருவிழா முடிந்திருக்கும். ஆனால் கிழக்குக் கடல் அப்போதும் அமைதிதான், மின்னேரியாவில் யானைகள் இருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிவிடுவதால் அறைகளும் காலியாகும். அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்டித் திட்டம் போடாதீர்கள். கப்பலில் போகிறவர்கள் திரும்பி வரும் தேதிக்கும் சேவை இருக்கிறதா என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானம் உண்டு, காற்று முன்கூட்டியே திரும்பிவிட்டால் அதற்கான பணம் தனியாகக் கையில் இருக்கட்டும்.