புரோபோஃபாலா, கீட்டமினா?

மயக்க ஊசி என்றதும் பலருக்கு நினைவில் நிற்பது பால்போல வெள்ளையான ஒரு மருந்து. அதுதான் புரோபோஃபால். தண்ணீரில் கரையாது என்பதால் சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் குழைத்துத் தருகிறார்கள். வெள்ளை நிறம் அந்தக் குழம்பால் வந்தது. 1934 முதல் கோலோச்சிய தயோபென்டால் என்ற மயக்க மருந்தை 1980களின் பிற்பகுதியில் இது ஓரங்கட்டியது. தூங்க வைக்கும் வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அரை நிமிடம் போதும். வித்தியாசம் எழுந்திருப்பதில். தயோபென்டால் உடலை விட்டுப் போக மணிக்கணக்காகும். கண் திறந்தாலும் மந்தம் விலகாது. புரோபோஃபாலை ஒருமுறை போட்டால் 5 முதல் 10 நிமிடத்தில் விழிப்பு வந்துவிடும், குமட்டலும் குறைவு.

சரி, எல்லோருக்கும் இதையே போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும், சற்று நேரம் மூச்சையும் நிறுத்திவிடும். வலியைத் தணிக்காது, போதாக்குறைக்கு, ஏறும்போதே கை எரியும். திடமான ஆளுக்கு இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. விபத்தில் ரத்தம் இழந்து வந்தவருக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கில் ஏற்றினால் கதை வேறு.

அந்த இடத்தில் என் ஓட்டு கீட்டமினுக்கு. 1962இல் உருவாகி, 1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. இது இதயத்தை அடக்குவதற்குப் பதில் முடுக்கிவிடும்: துடிப்பும் அழுத்தமும் ஏறும். மூச்சு பெரும்பாலும் தன்பாட்டில் நடக்கும், வலியும் மரத்துப்போகும். நோயாளி கண்ணைத் திறந்தபடியே இருப்பார், ஆனால் ஆள் அங்கே இருக்கமாட்டார். முதல்முறை பார்ப்பவர்கள் மருந்து வேலை செய்யவில்லையோ என்று திகைப்பதுண்டு. ஊசி ஏற்ற நரம்பே கிடைக்காவிட்டால் தசையில்கூடப் போடலாம். ஆனால் நாள்கணக்கில் போராடி உடம்பே ஓய்ந்துபோனவருக்கு முடுக்க எதுவும் மிச்சமிருக்காது; அவருக்குக் கீட்டமினாலும் அழுத்தம் விழலாம். விழிக்கும்போது சிலரைக் கெட்ட கனவும் பயமும் பிடித்து ஆட்டும். அதைத் தணிக்க மிடசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைச் சேர்ப்பார்கள்.

எடோமிடேட் என்று இன்னொரு மயக்க ஊசியும் உண்டு, இதயத்தைத் தொந்தரவு செய்யாத மருந்துதான். ஆனால் ஒரே ஊசி, நெருக்கடியைத் தாங்க உடம்புக்கு உதவும் கார்டிசால் ஹார்மோனின் சுரப்பைப் பல மணி நேரம் முடக்கிவிடும் என்பதால் தொடர்ந்து சொட்டவிட முடியாது.

அரைமயக்கம் வேறு ஆட்டம். மிடசோலம் பதற்றத்தைக் குறைத்து, நடந்ததையே மறக்க வைக்கும். அளவு மிஞ்சிப்போனால் அதன் வேலையை முறிக்க ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இன்னொரு மருந்தில் நோயாளி தூங்குவார், கூப்பிட்டால் விழிப்பார், மூச்சும் அவ்வளவாக அடங்காது. ஆனால் நாடித் துடிப்பு குறையும், ஆரம்ப அளவை ஏற்றவே 10 நிமிடம் வேண்டும்; அவசரத்துக்கு உதவாது. எண்டோஸ்கோபி போன்ற சின்னச் சோதனைகளுக்குப் புரோபோஃபாலின் சுகமே தனி. எனக்குப் பயம் அதில்தான். மிடசோலத்துக்கு இருப்பதுபோல இதற்கு மாற்று மருந்து கிடையாது. அரைமயக்கத்துக்கும் முழுமயக்கத்துக்கும் நடுவே இருப்பது அதே சிரிஞ்சில் இன்னும் சில மில்லிலிட்டர்தான். மூச்சுப்பாதையைக் கையாளத் தெரிந்த ஒருவர், வேறு வேலை பார்க்காமல், தலைமாட்டிலேயே நிற்க வேண்டும்.